முடிவு தெரிந்த போட்டி: தொழில்முறை மல்யுத்தமும் திருவரங்கத்து வேடுபறியும்

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றியும் தோல்வியும் மேடை ஏறும் முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன. யார் வெல்வார், எத்தனை நிமிடத்தில் வெல்வார், நேர்மையாக வெல்வாரா நடுவரின் கண்ணை மறைத்து வெல்வாரா என்பதையெல்லாம் தீர்மானிப்பவரைத் தொழில்காரர்கள் 'புக்கர்' என்பார்கள். வீரர்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் முடிவும் அதற்கு முந்தைய சில திருப்பங்களும் மட்டுமே; இடைப்பட்டதை அவர்கள் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அங்கேயே கட்டுகிறார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துக் கட்டிய கித்தான்: இதுதான் ரிங். விழுந்தால் வலிக்கும். நடுவரும் உடந்தையானவர்தான்; நேரம் குறைவாக இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று வீரர்களின் காதில் சொல்வது அவர் வேலைகளில் ஒன்று.

நிகழ்ச்சிகள் ஒரு தொடர்கதையின் ஒழுங்கில் நகர்கின்றன. வாராந்திரக் காட்சிகளில் பகை மூட்டப்படும். ஒருவர் மற்றவரின் தோழரை அடிப்பார், பின்னால் வந்து தாக்குவார், பேச்சில் இழிவுபடுத்துவார். கூட்டம் நேசிக்க வேண்டியவர் 'ஃபேஸ்', வெறுக்க வேண்டியவர் 'ஹீல்'. பகை பழுத்ததும் பெரிய காட்சியில் கணக்குத் தீர்க்கப்படும். சாம்பியன் பட்டமும் இந்தக் கதையின் கருவிதான். பெல்ட் கம்பெனியின் சொத்து. யார் பெயரைச் சொன்னால் டிக்கெட் விற்குமோ அவர் இடுப்பில் அது ஏறுகிறது. விற்பனை தளர்ந்தால் இறங்குகிறது. 1990களில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆடிய, டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த நிறுவனத்தின் பெயர் தாங்கிய சீட்டுகளில் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றோடு 'வென்ற சண்டைகள்' என்றொரு எண்ணும் அச்சாகியிருந்தது. வெற்றிகளே எழுதிக் கொடுக்கப்பட்டவை என்னும்போது அந்த எண் எதை அளந்தது என்பது சுவையான கேள்வி.

சாம்பியனின் உண்மையான வேலை என்ன என்பதை 1948இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ நகரில் உருவான தேசிய மல்யுத்தக் கூட்டணி தெளிவாகக் காட்டியது. நாடு பல வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏற்பாட்டாளர், ஓர் உள்ளூர் நாயகன். உலக சாம்பியன் ஒருவர்தான். அவர் ஊர் ஊராகப் போய் உள்ளூர் நாயகனிடம் ஏறக்குறையத் தோற்க வேண்டும். அடி வாங்கித் தள்ளாடி, மயிரிழையில் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பேருந்தோ விமானமோ ஏற வேண்டும். அவர் போன பின் உள்ளூர்க்காரனின் மதிப்பு முன்பிருந்ததைவிட உயர்ந்திருந்தால்தான் அவர் நல்ல சாம்பியன். பெல்ட்டோடு ஓடிவிடாமல் இருக்க அவரிடம் வைப்புத்தொகை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

நெடுங்காலம் இதெல்லாம் ரகசியம். வெளியார் முன் எந்த நிலையிலும் வேடத்தைக் கலைக்கக் கூடாது என்ற விதிக்குக் 'கேஃபேப்' என்று பெயர். 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டின் முன் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனமே இது பொழுதுபோக்குத்தான், போட்டி விளையாட்டல்ல என்று ஒப்புக்கொண்டது. ஞானோதயம் ஏதுமில்லை, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கும் வழி அது. கூட்டம் குறைந்துவிடவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அத்தொழில் முன்பைவிடப் பெரிதாகவே வளர்ந்தது. முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்த பிறகும் மக்கள் வந்தார்கள் என்றால், அவர்கள் வந்தது முடிவுக்காக அல்ல என்றாகிறது. அப்படியானால் எதற்காக? முடிவு தெரிந்த போராட்டம் பொய்யா, அல்லது பொய்யும் மெய்யும் அல்லாத மூன்றாவது ஒன்றா?

இந்தியச் சிந்தனையில் இது பழைய கேள்வி. பரதரின் நாட்டிய சாத்திரம் தன் முதல் அத்தியாயத்திலேயே இதை எழுப்புகிறது. முதன்முதலில் அரங்கேறிய நாடகம், அசுரரைத் தேவர்கள் வென்ற கதை. பார்த்துக்கொண்டிருந்த அசுரர்கள் கொதித்தெழுந்து நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கினார்கள். இந்திரன் தன் கொடிக்கம்பால் அவர்களை நொறுக்கினான். பிறகு பிரமன் அவர்களை அழைத்துச் சமாதானம் சொன்னான்: இது உங்களை மட்டுமோ தேவர்களை மட்டுமோ காட்டுவதல்ல, மூவுலகின் நடப்பையும் காட்டுவது. எழுதிவைத்த சண்டையில் தோற்கும் தரப்பு 'எங்களை ஏன் தோற்பவர்களாக எழுதினாய்' என்று கேட்ட முதல் சம்பவம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அசுரர்களின் ஆட்சேபணை முட்டாள்தனமானது அல்ல. அது இக்கட்டுரையின் கடைசிப் பகுதியில் வேறு உருவில் வரும்.

பொய்யா மெய்யா என்ற கேள்விக்குக் காசுமீரத்து ஸ்ரீசங்குகர் கொடுத்த விடை கூர்மையானது. அபிநவகுப்தர் தம் நாட்டிய சாத்திர உரையில் அதை எடுத்துச் சொல்லி, அதை மறுத்துமிருக்கிறார். ஓவியத்தில் குதிரையைப் பார்ப்பவர் 'இது குதிரை' என்கிறார். அது மெய்யறிவு அல்ல, ஏனெனில் அங்கே குதிரை இல்லை. பொய்யறிவும் அல்ல, ஏனெனில் அவர் ஏமாறவில்லை. ஐயமும் அல்ல, குதிரை போன்ற ஒன்று என்ற ஒப்பீடும் அல்ல. இந்நான்குக்கும் வெளியே நிற்கும் ஓர் அறிவு அது. நடிகனை இராமன் என்று காண்பதும் அவ்வகையே. தொழில்முறை மல்யுத்தத்தை நோக்கி 'எல்லாம் பொய்' என்பவர் சங்குகரின் இரண்டாவது பெட்டியில் அதைப் போட்டுவிடுகிறார். கேஃபேப் காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அன்று ஏமாற்றும் நோக்கம் இருந்தது. முடிவை மறைக்காத காட்சிக்குப் பொருந்தாது. பொய் இருப்பது எழுதிவைப்பதில் அல்ல, எழுதியதை மறைத்து விற்பதில்.

முடிவை ஒருபோதும் மறைக்காத போட்டிகள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் ஆண்டுதோறும் நடக்கின்றன. திருவரங்கம் கோயிலில் மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழா பகல்பத்து, இராப்பத்து என இரு பகுதியாக அமைந்தது. இராப்பத்தின் எட்டாம் நாள் திருமங்கை மன்னன் வேடுபறி. அதன் கதை வைணவர் அனைவரும் அறிந்தது. சோழ நாட்டுத் திருக்குறையலூரில் பிறந்து, படைத்தலைவனாகவும் சிற்றரசனாகவும் இருந்த திருமங்கை, குமுதவல்லியை மணப்பதற்காக நாளும் 1008 அடியார்க்கு அமுது படைக்க ஒப்புக்கொண்டவர். கைப்பொருள் தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கினார். திருமணங்கொல்லையில் ஒரு கல்யாணக் கோஷ்டியை மறித்தார். மணமகனாக வந்தவர் பெருமாள். நகையெல்லாம் பறித்தும் கால்விரல் அணி ஒன்று மட்டும் கழலவில்லை. பல்லால் கடித்து எடுத்தார். மூட்டையைக் கட்டித் தூக்கினால் அசையவில்லை. என்ன மந்திரம் போட்டாய், சொல் என்று வாளை ஓங்கினார். எட்டெழுத்து மந்திரம் அவர் காதில் சொல்லப்பட்டது. கள்ளன் ஆழ்வாரானது அந்த நொடியில்.

திருவரங்கத்தில் இது கதையாகச் சொல்லப்படுவதோடு நிற்பதில்லை, நடத்தப்படுகிறது. நான்காம் பிராகாரத்து மணல்வெளியில் உற்சவரான நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் வருகிறார். சீபாதந்தாங்கிகள் தோளில் வாகனத்தைச் சுமந்தபடி முன்னும் பின்னும் ஓடுகிறார்கள், வளைகிறார்கள், குதிரை மிரண்டு துள்ளுவதுபோல் ஆட்டுகிறார்கள். இந்த ஓட்டத்துக்கு வையாளி என்று பெயர். எதிரே திருமங்கை மன்னன் தரப்பு மறிக்கிறது. கொள்ளை நடக்கிறது, உபதேசம் நடக்கிறது, பாசுரம் பாடும் அரையர்கள் திருமங்கையின் பெரிய திருமொழியின் முதல் பதிகத்தை இசைக்கிறார்கள். அந்தப் பதிகம், மந்திரம் பெற்ற கணத்தில் ஆழ்வார் வாயிலிருந்து வந்ததாக மரபு கொள்வது. மணலில் நெருக்கியடித்து நிற்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கும் முடிவு தெரியாமலில்லை. இருந்தும் குதிரை ஓடும்போது கூட்டமும் சேர்ந்து அலைமோதுகிறது. ரிங்கைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அலை புதிதாக இராது.

பங்குனியில் வேறொரு சண்டை. பங்குனி உற்சவத்தின் ஆறாம் நாள் நம்பெருமாள் உறையூருக்குப் போய் அங்குள்ள கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். உத்திரத்தன்று தம் நாச்சியாரிடம் வருகிறார். ஸ்ரீரங்கநாச்சியார் படி தாண்டாப் பத்தினி. தம் சந்நிதியை விட்டு வெளியே வருவதில்லை. உறையூர்ச் செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. கதவு சாத்தப்படுகிறது. பெருமாள் தரப்பில் சாக்கு: மோதிரம் தொலைந்தது, தேடப் போனோம். பூவும் பழமும் வெண்ணெயும் எறியப்படுகின்றன. வாழை மட்டையால் அடி விழுகிறது. மட்டையடி என்றே அதற்குப் பெயர். ஏட்டு வழக்கில் பிரணய கலகம். இரு தரப்புக்கும் ஆள் நின்று வாதிடுகிறார்கள். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். பிறகு சேர்த்தி. அந்தப் பங்குனி உத்திர நாளில்தான் இராமானுசர் திவ்வியதம்பதிகளின் முன் நின்று கத்திய த்ரயத்தை விண்ணப்பித்தார் என்பது கோயில் மரபு. வைணவத்தின் மிக முக்கியமான சரணாகதி உரை, ஒரு குடும்பச் சண்டை ஓய்ந்த வேளையில் பிறந்திருக்கிறது.

இரண்டு போட்டிகளிலும் தோற்பவர் ஒருவரே, அவர் பெருமாள். ஒன்றில் கொள்ளை கொடுக்கிறார், மற்றதில் அடி வாங்குகிறார். ஆண்டுதோறும், குறித்த நாளில், குறித்த இடத்தில், எல்லோரும் பார்க்கத் தோற்கிறார். வைணவ ஆசாரியர்கள் இறைவனின் குணங்களை இரு பக்கமாக வைத்துப் பேசுவார்கள். எட்டாத உயர்வு பரத்துவம். எளிதில் கிட்டும் தன்மை சௌலப்பியம். பரத்துவம் இல்லாதவனின் சௌலப்பியத்துக்கு மதிப்பில்லை: தோற்க மட்டுமே தெரிந்தவன் தோற்பதில் என்ன இருக்கிறது? வெல்ல வல்லவன் தோற்கும்போதுதான் அது கொடையாகிறது. ஊர் ஊராகப் போய் உள்ளூர் நாயகனிடம் ஏறக்குறையத் தோற்ற உலக சாம்பியனின் வேலை இலக்கணத்தால் இதுவே. மல்யுத்தத் தொழிலில் ஒருவரை உயர்த்தும் பொருட்டுத் தோற்றுக்கொடுப்பது தனிக் கலையாக மதிக்கப்படுகிறது. மூத்தவர் விலகும் முன் இளையவரிடம் நன்றாகத் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வெல்பவனின் திறமையைவிடத் தோற்பவனின் சம்மதமே ஆட்டத்தை நடத்துகிறது.

தோல்வி கொடையாவதற்கு எதிர்த்திசை எடுத்துக்காட்டுகளும் உண்டு. வேடனாக வந்த சிவனோடு அருச்சுனன் மற்போர் செய்தான், தோற்றான், தோற்றவனுக்குப் பாசுபதக் கணை கிடைத்தது. சூரசம்மாரத்தில் சூரபத்மன் ஆனைமுகம், சிங்கமுகம், மாமரம் என்று உருமாறி, இறுதியில் சேவலும் மயிலுமாகி முருகனின் கொடியிலும் வாகனத்திலும் இடம்பெறுகிறான். இது 'ஹீல்' ஒருவன் 'ஃபேஸ்' ஆவதன் மிக முழுமையான வடிவம் எனலாம். கந்த சஷ்டியில் வயலூரில் கூடும் கூட்டம் சூரனின் தலை விழுவதைப் பார்த்து ஆர்ப்பரிக்கிறது. அடுத்த நாள் அதே கூட்டம் மயிலைக் கும்பிடுகிறது.

பட்டம் என்பது ஆளைவிடப் பதவியையே சார்ந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளிடத்தின் வடகரையில், மண்ணச்சநல்லூர் வட்டத்தில் ஒரு கோயில் இருக்கிறது. திருப்பைஞ்ஞீலி ஞீலிவனேசுவரர் கோயில். மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடையூரில் சிவன் எமனை உதைத்து வீழ்த்தினார். கதை அங்கே முடிந்திருந்தால் பக்தனின் வெற்றி என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எமனின் இருக்கை காலியானதும் உலகில் சாவே இல்லாமல் போனது. பாரம் தாங்காமல் பூமிதேவி முறையிட்டாள். திருப்பைஞ்ஞீலியில் எமனுக்கு உயிரும் அதிகாரமும் திருப்பித் தரப்பட்டன. அங்குள்ள குடைவரைச் சந்நிதியில் சோமாஸ்கந்தரின் திருவடியில் அவன் இருக்கிறான். எமனை வீழ்த்தியவருக்கு எமனின் வேலை வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலை நடந்தாக வேண்டும். மல்யுத்த நிறுவனங்களும் காலிப் பட்டத்தைப் பொறுப்பதில்லை. சாம்பியன் காயம்பட்டால் பெல்ட்டைத் திருப்பித் தர வேண்டும். உடனே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி அறிவிக்கப்படும். 2007 ஜூலையில் எட்ஜ் என்ற வீரர் காயத்தால் துறந்த உலக ஹெவிவெய்ட் பட்டம், இருபது பேர் மோதிய ஒரே சண்டையில் இமாச்சலப் பிரதேசத்தில் பிறந்த கிரேட் காளியின் தோளுக்கு வந்தது அப்படித்தான்.

ஒப்புமை நிற்காத இடமும் உண்டு, அது உடல். எழுதிவைத்த அடியிலும் எலும்பு முறியும். 1999 மே மாதம் கன்சாஸ் சிட்டியில் மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியின்போது கொக்கி விட்டுப்போய் விழுந்து இறந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. அவருடைய அண்ணன் பிரெட் ஹார்ட், 1997 நவம்பரில் மாண்ட்ரியலில், தமக்குச் சொல்லப்பட்ட முடிவு ஒன்றாகவும் நடத்தப்பட்ட முடிவு வேறாகவும் இருக்கக் கண்டவர். பட்டத்தை மேடையிலேயே பறிகொடுத்தார். எழுதிய முடிவை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டால் நாடகம் உண்மையிலேயே வஞ்சனையாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கோயில் மரபு அந்த ஆபத்தை வேறு வழியில் கையாள்கிறது. தஞ்சை வட்டாரத்து மெலட்டூரில் பாகவத மேளா பிரகலாத சரித்திரம் ஆடும்போது நரசிம்ம முகமூடி அணிபவர் விரதமிருக்கிறார். முகமூடிக்குப் பூசை உண்டு. ஆவேசம் வந்தால் இரணியனாக நிற்பவருக்கு ஆபத்து என்பதால் முகமூடி அணிந்தவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்கிறார்கள். வேடம் கலைவதைப் பற்றி ரிங் கவலைப்பட்டது. வேடம் முற்றிவிடுவதைப் பற்றிக் கோயில் கவலைப்படுகிறது.

இனி அசுரர்களின் ஆட்சேபணை. முடிவை எழுதுபவன் ஒருவன், அடிபடுபவர்கள் வேறு சிலர் என்றால் அது நியாயமா? வேதாந்தம் உலகப் படைப்பையே லீலை என்கிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதல் பாதம் 33ஆம் சூத்திரம், எல்லாம் நிறைந்த பிரம்மத்துக்குப் படைப்பால் அடையவேண்டியது ஏதுமில்லை, அது விளையாட்டு என்று சொல்கிறது. திருவரங்கத்தில் வாழ்ந்து அங்கேயே கோயில் கொண்டிருக்கும் இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு உவமை தருகிறார்: ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன், வீரத்தில் குறையேதும் இல்லாதவன், பந்தாடுகிறான், ஆட்டத்தைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை. உவமை அழகானது. பந்தின் பக்கம் நின்று பார்த்தால் அவ்வளவு அழகில்லை. இதைச் சூத்திரகாரரும் அறிந்தே இருந்தார். அடுத்த சூத்திரமே, பாரபட்சமும் கொடுமையும் இறைவன்மேல் ஏறா என்று தொடங்குகிறது. காரணம், அவன் உயிர்களின் வினையை எதிர்பார்த்தே இன்ப துன்பங்களை வகுக்கிறான். அதாவது கதையை எழுதுபவன் தன் இச்சைக்கு எழுதவில்லை; ஒவ்வொரு பாத்திரமும் தான் முன்பு செய்ததைக் கொண்டு தன் பகுதியைத் தானே எழுதிக்கொண்டு வருகிறது.

இந்த விடை முழு நிறைவு தருவதல்ல. வினைதான் எல்லாவற்றையும் வகுக்கிறது என்றால் அருளுக்கு வேலை என்ன? இராமானுசருக்குப் பின் திருவரங்கத்தையும் காஞ்சியையும் இரு கலைகளாகப் பிரித்த வாதத்தின் வேர்களில் ஒன்று இதுதான். பிள்ளை உலகாரியன் வழி வந்தோர், அருள் காரணம் எதையும் எதிர்பாராது வருவது என்றனர். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும், குட்டி செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வேதாந்த தேசிகர் வழி வந்தோர், குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரின் பக்கம் சிறு செயலாவது வேண்டும் என்றனர். அச்செயல் அருளை விலைக்கு வாங்குவதல்ல, அருள் பாய்வதற்கு ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, மட்டுமே என்றும் அவர்கள் விளக்கினார்கள். மல்யுத்த மொழியில் சொன்னால் முதல் தரப்புக்குப் பட்டம் முழுவதும் கொடுக்கப்படுவது; இரண்டாம் தரப்புக்குக் கொடுக்கப்படுவதுதான் என்றாலும், பெறுபவன் ரிங்குக்குள் ஏறியாவது இருக்க வேண்டும்.

வேடுபறி இவ்விரு தரப்புக்குமே சங்கடமான வழக்கு. திருமங்கை அன்று செய்தது கொள்ளை. அதை எந்தக் கணக்கிலும் நல்வினை என்று எழுத முடியாது. பூனைத் தரப்புக்கு இது வலுவான சான்று: தகுதியை அல்ல, தகுதியின்மையைக் கண்டே பெருமாள் வந்தார் எனலாம். ஆனால் திருமங்கை சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. மறித்தார், பறித்தார், கழலாத அணியைக் கடித்து இழுத்தார், அசையாத மூட்டையைத் தூக்கப் பார்த்தார், மந்திரத்தைச் சொல் என்று கேட்டார். கொள்ளையும் அடியார்க்கு அமுது படைக்கவே. குரங்குத் தரப்பு அந்தக் கேள்வியையே வியாஜமாகக் கொள்ள இடமிருக்கிறது. கேட்ட தொனி மிரட்டல் என்பதால் அதைச் சரணாகதி என்று ஏற்கப் பூனைத் தரப்பு மறுக்கும். எது எப்படியாயினும், மூட்டை அசையாததால்தான் கள்ளன் நின்று கேட்க நேர்ந்தது. மூட்டையை அசையவிடாமல் செய்தவர் பறிகொடுத்தவர்.